அனுமதி கேட்காத மேவிஸ் டக்கெட்

மேவிஸ் டக்கெட்டின் இடது முழங்கால் மூன்று இடத்தில் உடைந்த கதையை எங்கள் ஊரில் மூன்று விதமாகச் சொல்வார்கள். நான் சொல்வதுதான் சரி, ஏனென்றால் நான் சொல்வது மற்ற இரண்டையும்விட நன்றாக இருக்கும்.

அப்போது கால்வாய் செத்துக் கிடந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நிலக்கரிப் படகு போன கால்வாயில் தண்ணீர் வற்றி, சேறும் நாணலும் பழைய சைக்கிள்களும்தான் மிச்சம். அதைத் தோண்டி மீட்கப்போகிறோம் என்று ஒரு கூட்டம் சனி ஞாயிறுகளில் மண்வெட்டியோடு கிளம்பியது. மேவிஸும் அவள் புருஷன் ரானும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கை, ஆறாவது நாள் சேறு அள்ளியது. ஆறு வருஷம் அள்ளினாள். அவள் அள்ளிய சேற்றை ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு மலை கிடைத்திருக்கும். 1979 நவம்பரில், பாதி கட்டி முடித்த மதகின் சுவரிலிருந்து வழுக்கி உள்ளே விழுந்தாள். தூக்கி எடுத்தபோது அவள் முதலில் கேட்டது முழங்காலைப் பற்றி இல்லை.

"மண்வெட்டி எங்க? அது கவுன்சிலோடது."

இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. மலை மட்டும்தான் நான் சேர்த்தது.

டாக்டர் அந்தக் காலுக்கு மூன்று விதி போட்டார். தினமும் நடக்க வேண்டும், சமதரையில் நடக்க வேண்டும், எதன்மேலும் ஏறக் கூடாது. இதைக் கேட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே எந்த வயல்வழியை எடுத்தாலும் இருநூறு கஜத்துக்கு ஒரு வேலி, வேலிக்கு ஒரு ஏறுபடி. ஆடுமாடு தாண்டாமல் மனுஷன் மட்டும் தாண்டிப் போக வைத்திருக்கும் மரப்படி அது. நல்ல முழங்கால் உள்ளவர்களே அதன்மேல் நின்று "அய்யோ என் இடுப்பு" என்பார்கள்.

மேவிஸ் அந்தக் குளிர்காலம் முழுக்க வரைபடத்தைச் சமையலறை மேஜையில் விரித்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள். பிறகு ஊன்றுகோலோடு கிளம்பி ஒவ்வொரு வழியாகச் சரிபார்த்தாள். ஏறுபடி வந்த இடத்தில் திரும்பினாள். கடைசியில் ஒரே ஒரு வழி தேறியது. சர்ச்சுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, ஹெதர்ப் புதர் பூத்துக் கிடக்கும் மேட்டுவெளியைத் தாண்டி, கர்னல் ஹாலட்டின் காட்டுக்குள் அறுநூறு கஜம் போய், கால்வாய்க் கரையில் இறங்கி, கரையோரமாகவே பப் வரை. மொத்தம் நாலு மைல். ஏறுபடி கிடையாது. இதில் ஒரே சங்கடம், அந்த அறுநூறு கஜம் வரைபடத்தில் இல்லை. அங்கே ஒரு தடம் இருந்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் படகு இழுக்கும் கழுதைகளை ஊருக்குள் ஓட்டி வந்த தடம் என்று சொல்லிக்கொள்வார்கள். கழுதைப் பாதை என்றுதான் அதற்குப் பெயர்.

1981 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, மேவிஸ் சர்ச் வாசலில் வந்து நின்றாள். ஞாயிறு மதியம் எங்கள் வீடுகளில் மாட்டிறைச்சி வறுவலும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் தின்றுவிட்டு எல்லாரும் நாற்காலியில் சரிந்து கிடக்கும் நேரம். ஒன்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பதினாலு. முப்பத்தோரு வருஷம் அந்த ஞாயிறு நடை நின்றதில்லை. மழை நின்றதுண்டு, நடை நின்றதில்லை. ரான் இறந்த வாரம்கூட, சனிக்கிழமை அடக்கம் முடித்து ஞாயிறு இரண்டு மணிக்கு அவள் வாசலில் நின்றாள். "வீட்ல உக்காந்து என்ன பண்றது? அவன் வெட்டின கால்வாய் அங்க இருக்கு" என்றாள். அன்றைக்கு எங்கள் கூட்டம் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் சாதனைதான், ஏனென்றால் ஹெட்டி க்ரம்ப் கூட்டத்தில் இருந்தாள்.

ஹெட்டி சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். அவள் விரல் ஓய்ந்தால் வாய் ஆரம்பிக்கும். அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் நார்மன் பாய்ஸ் நடப்பார், ரயில்வேயில் நாற்பது வருஷம் சிக்னல் இழுத்தவர். காது கொஞ்சம் மந்தம், அதனால் ஹெட்டிக்குப் பொருத்தமான துணை. கண் தெரியாத பியானோக்காரர் ஒருவர் வருவார். இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வருவாள். ஏறுபடி இருக்கும் வழியில் கால் வைக்க முடியாத அத்தனை பேரும் மேவிஸுக்குப் பின்னால் வந்தார்கள். மலை ஏறுகிற ஆட்கள், கையில் இரண்டு குச்சியும் முதுகில் தண்ணீர்க் குழாயுமாக, எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "கேக் நடை" என்றார்கள், டீக்கும் கேக்குக்கும் நடக்கிற நடையாம். மேவிஸ் அவர்களுக்குப் பதிலே சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, அவர்களில் ஒருவன் கணுக்கால் பிசகி மேட்டுவெளியில் உட்கார்ந்திருந்தபோது, தள்ளுவண்டியிலிருந்து இரட்டைப் பிள்ளைகளை இறக்கி அவனை ஏற்றிக் கால்வாய் வரை தள்ளிக்கொண்டு போனாள். அவன் முழங்கால் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டு இருந்தன.

இனி கர்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்னல் ஹாலட்டும் ஞாயிறு மதியம் தன் காட்டில் நாயோடு உலாத்துவார். இரண்டே முக்காலுக்கு எங்கள் கூட்டம் அவர் காட்டுக்குள் நுழையும். எதிரெதிரே வந்தால் என்ன செய்வது? அவர் எங்களைப் பார்த்துவிட்டால் ஒன்று விரட்ட வேண்டும், அல்லது அனுமதிக்க வேண்டும். இரண்டும் அவருக்குச் சங்கடம். அதனால் எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, எதிரே இருக்கும் ஓக் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். கடைசி ஆள் போகும்வரை பார்ப்பார். எங்கள் கூட்டம் நாற்பது பேராக வளர்ந்த காலத்தில் அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். முப்பது வருஷத்தில் அந்த மரத்தின் ஒவ்வொரு இலையையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகியிருப்பார். நாய்க்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. வாலை ஆட்டிக்கொண்டு வந்து ஆளுக்கொரு பிஸ்கட் வாங்கிக்கொண்டு போகும்.

நாங்களும் அவரைப் பார்த்ததில்லை. வரிசையாக, அவர் முதுகுக்குப் பின்னால், பெரணிச் செடிகளைப் பார்த்தபடி நடந்தோம். கடையில், சர்ச்சில், பள்ளி விழாவில் சந்தித்தால் இரு பக்கமும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்வோம். காட்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. இப்படித்தான் எங்கள் ஊரில் மரியாதை நடக்கும்.

2011இல் கர்னல் இறந்தார். மறு வருஷம் காட்டை லாக்யர் என்பவர் வாங்கினார். லண்டனில் ஏதோ கம்பெனி நடத்தியவர், நல்ல கோட்டு, சுத்தமான பூட்ஸ். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. காடு தன்னுடையது என்று பத்திரத்தில் படித்தார், படித்ததை நம்பினார். செப்டம்பரில் ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது கழுதைப் பாதையின் தொடக்கத்தில் ஆளுயர இரும்புக் கதவும் பூட்டும் பலகையும் இருந்தன. தனியார் நிலம், வழி இல்லை.

முப்பத்தெட்டு பேர் பலகையைப் படித்தோம். பியானோக்காரருக்கு ஹெட்டி படித்துக் காட்டினாள்.

"சரி, திரும்பிடலாமா?" என்றார் நார்மன்.

மேவிஸ் பூட்டை ஒரு தடவை பிடித்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு நாப்பத்தி நாலு. நார்மன், இத எழுதி வெச்சுக்கோ. நாம நின்ன நேரம்."

சுற்றிப் போக வேறு வழி இருந்தது. பிரதான சாலையில் அரை மைல், நடைபாதை இல்லாமல், மணல் லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலை. தள்ளுவண்டியும் அதில் போக முடியாது, கண் தெரியாதவரும் போக முடியாது, மேவிஸின் முழங்காலும் சாலையோரச் சரிவில் நிற்காது. அந்த வாரம் நாங்கள் மேட்டுவெளி வரை போய்த் திரும்பினோம். அடுத்த வாரம் இருபது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பதினொன்று. மேவிஸுக்கு அப்போது எழுபத்து நாலு வயது. தானும் ரானும் தோண்டிய கால்வாயைப் பார்க்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

அவள் மறுபடியும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள், இந்தத் தடவை சட்டப் புத்தகத்தோடு. எங்கள் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு தடத்தில் ஜனங்கள் இருபது வருஷம் விடாமல் நடந்திருந்தால், ஒளிந்து நடக்காமல், வேலியை உடைக்காமல், சொந்தக்காரரிடம் அனுமதி கேட்காமல் நடந்திருந்தால், அது பொதுவழி ஆகிவிடும். கேட்டு நடந்தால் ஆகாது. கேட்டால் அது அவர் தந்த சலுகை, அவர் நினைத்தால் நிறுத்தலாம். கேட்காமல் நடந்தால்தான் அது உரிமை. திருடன்போலப் பதுங்காமலும் விருந்தாளிபோலக் கதவைத் தட்டாமலும், வீட்டுக்காரன்போல நடந்திருக்க வேண்டும்.

மேவிஸ் மாவட்டக் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டாள். லாக்யர் எதிர்த்தார். அரசாங்கம் ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பி ஊர் மண்டபத்தில் விசாரணை வைத்தது. 2014 அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. வந்த இன்ஸ்பெக்டர் ஐம்பது வயசுப் பெண், மிஸ் பென்ஹாலிகன். குளிருக்கு மூக்கு சிவந்து, நாலு பேனாவை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். லாக்யருக்கு லண்டன் வக்கீல். எங்களுக்கு மேவிஸ்.

காலையில் எங்கள் சாட்சிகள். முதலில் ஹெட்டி. நீல உடையும் மார்பில் குத்திய ப்ரூச்சும், சர்ச்சுக்குப் போகிற மாதிரி. எத்தனை வருஷம் நடந்தீர்கள் என்றதற்கு முப்பத்தோரு வருஷம் என்று கணீரென்று சொன்னாள். எங்களுக்கெல்லாம் நிம்மதி. வக்கீல் எழுந்தார். தேன் தடவிய குரல்.

"மிஸஸ் க்ரம்ப், உங்களப் பாத்தாலே தெரியுது, நீங்க ரொம்ப மரியாதப்பட்டவங்க. அடுத்தவங்க நிலத்துல கேக்காமக் கால் வைக்கிறவங்க இல்ல. சரிதானே?"

ஹெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மண்டபத்தில் எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிரியார் இரண்டாவது வரிசையில்.

"நிச்சயமா இல்ல சார்."

"அப்போ கர்னல்கிட்ட கேட்டிருப்பீங்க."

"கேட்டேனே. கேக்காம எப்படி?"

இன்ஸ்பெக்டரின் பேனா ஓடியது. மேவிஸ் நாற்காலியில் அசையவில்லை, அவள் காது மட்டும் சிவந்தது.

அடுத்து நார்மன். ஹெட்டி கேட்டிருக்கிறாள் என்றால் நார்மன் கேட்காதவர் என்று ஆகிவிடுமே. "சிக்னல் விழாம ஒரு அடி வெச்சதில்ல மேடம், என் சர்வீஸ்லயே. அனுமதி வாங்கித்தான் போனேன்" என்றார். அவருக்குப் பின்னால் வந்த தபால்காரி இன்னும் ஒரு படி மேலே போய், தான் எழுத்திலேயே கேட்டதாகச் சொன்னாள். ஐந்தாவது சாட்சி வருவதற்குள் எங்கள் ஊரில் கர்னலின் காலில் விழுந்து அனுமதி வாங்காத ஆளே இல்லை என்றாகிவிட்டது. பாவம் கர்னல், அத்தனை பேருக்கும் அனுமதி கொடுத்திருந்தால் அவருக்குச் சாப்பிட நேரம் இருந்திருக்காது.

இத்தனையும் பொய். ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் ஒரு ஊர் முன்னால் எழுந்து நின்று, நான் அடுத்தவர் காட்டில் முப்பது வருஷம் கேட்காமல் புகுந்தேன் என்று சொல்ல எங்கள் ஜனங்களுக்கு நாக்கு எழாது. கொலை செய்தேன் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள், தக்க காரணம் இருந்தால். வழி போகிறதே என்ற பயத்தைவிட மரியாதை போகிறதே என்ற பயம் பெரிதாக இருந்தது. வக்கீல் பேனாவை மூடிவிட்டு லாக்யரிடம் மெல்லத் தலையசைத்தார்.

மதிய இடைவேளை. மண்டபத்துச் சமையலறையில் முட்டை சாண்ட்விச். மேவிஸ் கதவைச் சாத்தினாள். உள்ளே ஹெட்டி, நார்மன், தபால்காரி, அப்புறம் கொதிக்கிற டீ ட்ரம்மோடு நான்.

"ஹெட்டி, நீ எப்போ கேட்ட?"

"ஏதோ ஒரு தடவ கேட்டிருப்பேன்ல."

"எந்த வருஷம்?"

"மேவிஸ், அத்தன பேர் முன்னாடி வேற என்ன சொல்லச் சொல்ற? கேக்காம பூந்தேன்னா? நான் ஆர்கன் வாசிக்கிறவ. பாதிரியார் உக்காந்திருக்காரு."

"கேக்காம நடந்த இடத்துல நீ கேட்டுப் போனதா சொன்னா, கதவு அங்கயே நிக்கும். தெரியுமா?"

"அதெப்படி? நல்லவங்களா நடந்துகிட்டா நல்லதுதான நடக்கணும்?" என்றார் நார்மன். காது கேட்காதவர் என்று நினைத்தோம், எல்லாம் கேட்டிருக்கிறது.

"சட்டம் அப்படி இல்ல நார்மன். நாலு மாசமா இதத்தான் கத்திக்கிட்டிருக்கேன்."

"எனக்குக் காது…"

"உனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

தபால்காரி சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ நாங்க என்ன சொல்லணும்னு நீயே சொல்லிக் குடுத்துடு மேவிஸ்."

"மாட்டேன். அது தப்பு. யாருக்கும் ஒரு வார்த்த சொல்லித் தரமாட்டேன்." அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், குளிரில் அந்தக் கால் முதலில் மடங்காது. "நான் என்ன பண்ணேன்னு நான் சொல்றேன். நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். ஹெட்டி என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு மேவிஸ் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய பச்சைக் கோட்டு, சேறு காயாத பூட்ஸ். வக்கீல் அதே தேனோடு வந்தார்.

"மிஸஸ் டக்கெட், நீங்களும் கர்னல்கிட்ட…"

"இல்ல."

"நான் இன்னும் கேள்வியையே முடிக்கல."

"எனக்குத் தெரியும் நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு. நான் கேக்கல. ஒரு தடவகூடக் கேக்கல. முப்பத்தோரு வருஷத்துல ஆயிரத்து அறுநூறு தடவைக்கு மேல போயிருக்கேன், ஒரு தடவ கேக்கல."

மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"அவர் உங்களப் பாத்ததே இல்லையா?"

"பாத்தாரு. பாக்காத மாதிரி நின்னாரு. ஓக் மரத்தப் பாத்துக்கிட்டு."

"அப்போ நீங்க ஒளிஞ்சு போனீங்க."

"நாப்பது பேரு, தள்ளுவண்டி, அதுல ரெண்டு பிள்ளைங்க அழுதுகிட்டு, பக்கத்துல ஹெட்டி பேசிக்கிட்டு. எங்கள ஒளிச்சு வைக்க அந்தக் காடு பத்தாது சார்."

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்றுதான் நான் சொல்வேன்.

"அவரோட நாய் உங்கள வரவேத்ததா ஒரு மனுவுல எழுதியிருக்கீங்க." வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "வால ஆட்டிச்சு. வளக்கிறவரோட மனசத்தானே நாய் காட்டும்? அத ஒரு அனுமதின்னு எடுத்துக்கலாம் இல்லையா?"

"அவர் வளத்த நாய் எல்லாமே திருடனுக்கும் ஆட்டும். எண்பத்தேழுல இருந்த நாய், கர்னல் வீட்ல புகுந்த திருடன வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தது."

வக்கீலின் குரலில் தேன் குறைந்தது. "மிஸஸ் டக்கெட், காலையில அஞ்சு பேர் அனுமதி கேட்டதா சொன்னாங்க. அத்தன பேரும் பொய் சொன்னாங்கன்னு சொல்றீங்களா?"

ஆமாம் என்றால் ஐந்து நண்பர்கள் பொய்யர்கள். இல்லை என்றால் பாதை போயிற்று. அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக.

"அவங்க மரியாதையா பேசினாங்க. எங்க ஊர்ல அது பழக்கம். நான் அவங்களுக்காகப் பேச முடியாது, எனக்காகத்தான் பேச முடியும். நான் மரியாத இல்லாதவ. கேக்காமத்தான் போனேன். நாளைக்குக் கதவு இல்லன்னா கேக்காமத்தான் போவேன். அந்தக் கால்வாய ஆறு வருஷம் தோண்டினவ நான். அதுக்குப் போற வழிய ஒருத்தர்கிட்ட பிச்ச கேக்கற எண்ணம் எனக்கு என்னைக்கும் வந்ததில்ல. அதுல எனக்கு வெக்கமும் இல்ல, பெருமதான்."

சொல்லிவிட்டு எழுந்தாள். கூரைக்குக் கீழே குழாய் டொக் டொக்கென்று சத்தம் போட்டது.

அப்போது நார்மன் பாய்ஸ் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"மேடம், நான் காலையில சொன்னத மாத்திக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் அவரை மறுபடியும் நாற்காலிக்கு அழைத்தார். உண்மை சொல்ல வேண்டும் என்பதை நினைவூட்டினார்.

"அதுக்குத்தான் வந்தேன். நான் அனுமதி வாங்கல. யாரும் சிக்னல் போடல. நானாத்தான் போனேன்." கோட்டுப் பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். "தேதி, நேரம், எத்தன பேர், வானம் எப்படி, எல்லாம் இருக்கு. ரயில்வே பழக்கம். ஆயிரத்து ஐநூத்தி எழுபத்தி ஒண்ணு ஞாயிறு. அனுமதின்னு ஒரு எடத்துலகூட இல்ல. இருந்திருந்தா எழுதியிருப்பேன்."

வக்கீல் நோட்டை வாங்கிப் பக்கம் புரட்டினார், புரட்டினார், பிறகு புரட்டுவதை நிறுத்தினார்.

ஹெட்டி யாரும் கூப்பிடாமலே எழுந்தாள்.

"நானும் கேக்கல. நார்மன்கூட நடந்ததோட சரி. நான் அங்க பூவும் பறிச்சேன்." ப்ரூச் மேலும் கீழும் ஏறி இறங்கியது. "நீலமணிப் பூ. பை நெறைய. தொண்ணூத்தஞ்சு ஈஸ்டருக்கு சர்ச்ல வெச்சது அதுதான். எல்லாரும் எங்க வாங்கினேன்னு கேட்டீங்க, நான் வின்செஸ்டர்ல வாங்கினேன்னு சொன்னேன். வின்செஸ்டருக்கு நான் போனதே இல்ல அந்த வருஷம்."

பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. எழுத்தில் கேட்டேன் என்ற தபால்காரி, கர்னல் வீட்டுத் தபாலையே அந்தக் குறுக்கு வழியாகத்தான் கொண்டு போனதாகச் சொன்னாள். இரட்டையர்களின் தாய் எழுந்தாள். பியானோக்காரர், "எனக்குப் பலகை இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது, ஆனாலும் கேக்கல" என்றார். சாட்சிப் பட்டியலிலேயே இல்லாதவர்கள் கையைத் தூக்கினார்கள். கடைசி வரிசையில் ஒரு வயசான ஜோடி, அந்தக் காட்டில்தான் நிச்சயம் பண்ணிக்கொண்டதாகவும் அதற்கும் கர்னலைக் கேட்கவில்லை என்றும் தெரிவித்தது. ஒருவரையொருவர் மிஞ்சிக்கொண்டு சொன்னார்கள். காலையில் மரியாதைக்குப் போட்டி போட்ட அதே ஜனம், சாயங்காலம் அத்துமீறியதற்குப் போட்டி போட்டது. மிஸ் பென்ஹாலிகனின் நாலு பேனாவும் தீர்ந்துவிட்டன. ஆறாவதை மேவிஸ்தான் பாதிரியாரிடம் வாங்கிக் கொடுத்தாள் என்று சிலர் சொல்கிறார்கள். அது மிகை. ஐந்தாவதைத்தான்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் பாதையை நேரில் பார்க்க வந்தார். இரண்டு தரப்பும் கூட வரலாம், ஆனால் வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது, அதுதான் விதி. லாக்யர் சாவியைக் கொண்டுவந்து பூட்டைத் திறந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மேவிஸ் உள்ளே கால் வைத்தாள். பெரணி கருகிச் சிவந்து கிடந்தது. கஷ்கொட்டை இலைகள் காலடியில் நொறுங்கின. தடம் பெரணிக்குள் மறைந்திருந்தது. லாக்யர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நின்றார், வக்கீல் வரைபடத்தை விரித்தார். மேவிஸ் நிற்கவே இல்லை. ஊன்றுகோலால் ஒரு தள்ளு தள்ளினாள், அடியில் மண் கெட்டியாக, வழுவழுவென்று தெரிந்தது. எண்பது காலின் கெட்டிப்பு அது. அவள் முன்னால் போக, பின்னால் இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் காட்டின் சொந்தக்காரர்.

காடு முடிந்து கால்வாய் வந்தது. தண்ணீர் அசையாமல் இருந்தது, மஞ்சள் இலைகள் மிதந்தன, ஒரு சிவப்புப் படகு கரையோரம் கட்டிக் கிடந்தது. லாக்யர் நின்றுவிட்டார்.

"இது இங்க வரைக்கும் வருதா?" என்றார்.

வாங்கி இரண்டு வருஷமாகியும் அவர் தன் காட்டின் கடைசிவரை ஒரு நாளும் நடந்ததில்லை. வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் மேவிஸ் அவரிடம் ரான் கட்டிய மதகைக் காட்டினாள். தான் விழுந்த இடத்தைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். "அப்பாடி, இத்தன ஆழமா" என்றார். அப்புறம் திரும்பும்போது மேட்டில் அவளைத் தாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டு இந்தக் கையைக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. பதினெட்டுப் பக்கம். ஜனங்கள் இருபது வருஷத்துக்கு மேல், வெளிப்படையாக, யாருடைய அனுமதியும் இல்லாமல் நடந்திருக்கிறார்கள், எனவே பொது நடைவழி. முப்பத்து நாலாவது பத்தியில், நாய்க்கு நிலத்தின் மேல் அனுமதி வழங்கும் அதிகாரம் கிடையாது என்று தனியாக எழுதியிருந்தது. முப்பத்தைந்தாவது பத்தியில், மிஸஸ் எம். டக்கெட்டின் சாட்சியம் தெளிவாகவும் தயக்கமில்லாமலும் இருந்தது, பிறரின் சாட்சியத்தை அதன் வெளிச்சத்தில் மதிப்பிட்டேன் என்று இருந்தது. மேவிஸ் தபால் நிலையத்தில் நின்றபடி அதை வரிசையில் இருந்த எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். ஸ்டாம்பு வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் பதினெட்டுப் பக்கமும் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

லாக்யர் கதவைத் தானே ஆள் வைத்துக் கழற்றினார். முதல் ஞாயிறு எத்தனை பேர் வந்தார்கள் என்று நார்மனின் நோட்டில் இருக்கிறது: நூற்றுப் பதினாறு. என் கணக்கில், முன்னால் போனவர்கள் பப்பில் உட்கார்ந்தபோது பின்னால் வந்தவர்கள் சர்ச்சில் இன்னும் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நார்மனின் கணக்கு இன்ஸ்பெக்டருக்கு, என் கணக்கு உங்களுக்கு.

மேவிஸுக்கு இப்போது எண்பத்தாறு. இரண்டு ஊன்றுகோல். நாலு மைல் மூன்றாகச் சுருங்கிவிட்டது, ஆனால் அந்த அறுநூறு கஜத்தை அவள் விடவில்லை. போன வருஷம் அரசாங்கம் எங்கள் பகுதிக்குப் புதிய வரைபடம் அச்சடித்து வெளியிட்டது. அதில் காட்டின் நடுவே பச்சைக் கோடு, சின்னச் சின்னப் புள்ளியாக, ஒரு எறும்பின் நீளத்துக்கு. பஸ் நிறுத்தத்தில் அதை விரித்து, டிரைவரிடம் ஜன்னல் வழியாகக் காட்டினாள்.

"பாத்தியா கண்ணு, இது."

"எது? ஒண்ணும் தெரியலயே மேவிஸ்."

"கண்ணாடியப் போடு. விரல இங்க வை. அந்தப் பச்ச."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, குனிந்து பார்த்தார். "ஆமா, கோடு. அதுக்கென்ன?"

"அது நாங்க போட்டது."

அவர் வரைபடத்தை வாங்கிப் பின்னால் இருந்த பயணிக்குக் கொடுத்தார். அந்தப் பயணி தனக்குப் பின்னால் இருந்தவருக்கு. அது பஸ் முழுக்கச் சுற்றித் திரும்பி வரும்வரை மேவிஸ் நடைபாதையில் இரண்டு ஊன்றுகோலிலும் நிமிர்ந்து நின்றாள். பஸ் ஆறு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. யாரும் முணுமுணுக்கவில்லை.